இடுப்பு மாற்றக் கோவைக்குப் போன கதை

ஜூலை 14, 2024, ஞாயிறு

முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக நின்றே காலத்தை ஓட்டியவன், இப்போது பஸ் படி ஏற முடியாமல் தென்காசியில் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். வலது இடுப்பு மூட்டை மாற்றியாக வேண்டும். மூட்டு மாற்று என்றால் ஊரில் எல்லோரும் முழங்கால் என்றுதான் நினைக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன, நானும் அப்படித்தான் நினைத்தேன். வலி தொடை இடுக்கில் கிளம்பி முழங்காலில் வந்து நிற்கும். அதனால் இரண்டு வருஷம் முழங்காலுக்கே எண்ணெய் தேய்த்து, முழங்காலுக்கே எக்ஸ்ரே எடுத்து, முழங்காலுக்கே ஊசியும் போட்டாயிற்று. கடைசியில் ஒருத்தர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி லேசாகத் திருப்பினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே டோக்கனோடு இருந்தவர்கள் எழுந்துவிட்டார்களாம். அப்புறம்தான் இடுப்புக்கு எக்ஸ்ரே.

மதுரையிலேயே செய்திருக்கலாம். அக்கா மகன் கோவையில் கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் இருக்கிறான், 'மாமா, இங்க வாங்க, நான் பாத்துக்கிறேன்' என்று ஒற்றைக்காலில் நின்றான். எனக்கும் ஒற்றைக்கால்தான், சரி என்றேன். ஞாயிறு தோறும் நெல்லையிலிருந்து தென்காசி வழியாக மேட்டுப்பாளையம் போகிற ரயில் ஒன்று இருக்கிறது. ஊரில் குற்றாலச் சாரல் நன்றாக விழுகிற நாளில் கிளம்பியது மட்டும்தான் மனசுக்கு வருத்தம்.

என் மனைவிக்கு வேறு கவலை. புதன்கிழமை ஆடி பிறக்கிறது. 'ஆடியில யாராவது இடுப்ப மாத்துவாங்களா?' என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 15, திங்கள்

ராத்திரி கீழ் பெர்த் கிடைத்தும் தூக்கமில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலது கால் முன்னால் சரிந்து உயிர் போகிறது. எதிர் பெர்த்தில் இருந்த கல்லூரிப் பையன், கேட்காமலே தன் தலையணையை எடுத்து என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்தான். அவன் பாட்டிக்கு இதே ஆபரேஷன் ஆனபோது மூன்று மாசம் தலையணை வைத்தது அவன்தானாம். தலையணை இல்லாமல் அவன் எப்படித் தூங்கினான் என்று தெரியவில்லை, காலையில் கேட்கலாம் என்று பார்த்தால் பொள்ளாச்சியிலேயே இறங்கிப் போய்விட்டான்.

கோவையில் இறங்கினதும் காற்று. மழை இல்லை, தூறல்கூட இல்லை, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டிய காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது என்று மருமகன் சொன்னான். எங்கள் ஊர் ஆரியங்காவுக் காற்றுக்கு இது அண்ணன் முறை.

அவன் அறை இரண்டாம் மாடி, அதோடு குத்துக்கால் வைத்து உட்காருகிற கக்கூஸ். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே லாட்ஜ் பேசி வைத்திருந்தான், போனில் மூன்று தடவை 'கிரவுண்ட் ஃப்ளோர்தானே' என்று கேட்டே பேசியிருக்கிறான். போய்ப் பார்த்தால் கீழே முழுக்க வண்டி நிறுத்தம், அதற்கு மேலே இருப்பதுதான் அவர்கள் கணக்கில் கிரவுண்ட் ஃப்ளோர். பதினான்கு படி. மேனேஜர் பையன் ரொம்ப மரியாதையாக, 'ஏனுங்க, லிப்ட் இருந்துச்சுங்க, ரிப்பேருங்க' என்றான். எங்கள் பக்கம் என்றால் இந்நேரம் இரண்டு வார்த்தை தடித்திருக்கும். இவ்வளவு 'ங்க' போட்டுப் பேசுகிறவனிடம் சண்டை போட வாய் வரவில்லை. வாடகை நாளைக்கு 700, கட்டில் உயரம், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்து ஏறினேன், பதினான்கு படிக்குப் பத்து நிமிஷம்.

மதியம் டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, மேசையில் இருந்த பிளாஸ்டிக் எலும்பைக் கையில் எடுத்தார். தொடை எலும்பின் தலை ஒரு பந்து, அது உட்காருகிற இடம் ஒரு கிண்ணம். என் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு செத்து, உருண்டை தட்டையாகி நொறுங்கியிருக்கிறது. அதனால்தான் வலது கால் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் குட்டை. 'குடிப்பழக்கம் உண்டா?' இல்லை. 'அடிபட்டதுண்டா?' பெரிதாக இல்லை. 'ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?' இல்லவே இல்லை என்றேன். என் மனைவிதான் மெதுவாக, 'அந்த வெள்ள மாத்திர?' என்றாள்.

எனக்கு வீசிங் உண்டு. டியூட்டியில் தூசி, டீசல் புகை. மூச்சு முட்டினால் டிப்போ பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் சொன்னால் போதும், சீட்டெல்லாம் கேட்க மாட்டார், குட்டி வெள்ளை மாத்திரையும் ஒரு மஞ்சள் மாத்திரையும் காகிதத்தில் மடித்துத் தருவார். பத்து ரூபாய், அரை மணியில் மூச்சு சீராகிவிடும். இப்படிப் பன்னிரண்டு, பதிமூன்று வருஷம். அது என்ன மாத்திரை என்று ஒருநாளும் கேட்டதில்லை. டாக்டர் திட்டவில்லை, தலையாட்டிக்கொண்டே எழுதினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

மாற்றுவதில் நாலு சாமான்: கிண்ணம், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, பந்து, எலும்புக்குள் இறங்குகிற தண்டு. பிளாஸ்டிக்கா என்று என் மனைவி முகம் சுளித்தாள். டாக்டர் சிரித்துவிட்டுக் கதை சொன்னார். இங்கிலாந்தில் சார்ன்லி என்ற டாக்டர் இந்த ஆபரேஷனை உருவாக்கியபோது முதலில் டெஃப்லானில் கிண்ணம் செய்தாராம், நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான். சில வருஷத்திலேயே தேய்ந்துபோய் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாகிவிட்டது. 1962ல்தான் பாலிஎதிலீனுக்கு மாறினார், இன்றைக்கு வருவது அதன் பேரன் பேத்திகள். என் மனைவி வீட்டில் உரிந்துபோன நான்ஸ்டிக் கல்லை நினைத்திருப்பாள், 'அது நமக்கு வேண்டாம், இது போதும்' என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

கவுன்டரில் தொகை சொன்னார்கள், பீங்கான் பந்து போட்டால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். முழங்கால் மூட்டுக்கு 2017ல் மத்திய அரசு விலை வரம்பு வைத்தது ஞாபகம் இருந்தது, அதைக் கேட்டேன். 'அது முழங்காலுக்குங்க, இடுப்புக்கு இல்லீங்க' என்றாள் அந்தப் பெண். முதலமைச்சர் காப்பீட்டில் வரும், ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், என் பென்ஷன் அதைத் தாண்டுகிறது. பி.எஃப். பணத்தில் மிச்சம் இருந்தது இதற்குத்தான் போல.

வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று முழுக்க டெஸ்ட். ரத்தம், சிறுநீர், இசிஜி, எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே, மூக்குக்குள் பஞ்சுக்குச்சி விட்டு ஒரு டெஸ்ட். மூக்கில் ஏன் என்றால், தோலிலும் மூக்கிலும் சும்மா குடியிருக்கிற கிருமி புது மூட்டுக்குள் போய்விட்டால் பெரிய தலைவலியாம். ஒவ்வொரு அறையிலும் நாற்காலி வேறு வேறு உயரம். உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, சாயங்காலத்துக்குள் நாற்காலியைப் பார்த்ததும் வலிக்கும் வலிக்காது என்று சொல்லிவிடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

கடைசியாக மயக்க மருந்து டாக்டர். சின்னப் பெண், என் மகள் வயசு. 'வாயத் தொறங்க, நாக்க நீட்டுங்க' என்றார். ஒரு டார்ச் அடித்தார். அடித்தவர் அப்படியே நின்றார்.

'கடவாப் பல்லு எவ்வளவு நாளா இப்படி இருக்கு?'

இருக்கும் ஒரு வருஷமாக. அந்தப் பக்கம் மெல்லுவதில்லை, அவ்வளவுதான். ஈறில் சீழ் கட்டியிருக்கிறது என்றார். பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தோடு போய் புது மூட்டில் ஒட்டிக்கொண்டால் மருந்தால் லேசில் போகாது, சில சமயம் போட்ட மூட்டையே கழற்ற வேண்டிவரும். பல்லைப் பிடுங்கி, புண் ஆறி, பல் டாக்டர் எழுதித் தந்த பிறகுதான் ஆபரேஷன்.

இடுப்பை மாற்ற வந்தவனைப் பல்லுக்காக நிறுத்துகிறார்கள். ஒரு மணி நேரம் நம்பவே முடியவில்லை. வெளியே வந்து டீ குடித்தேன், இங்கே 15 ரூபாய், ஆனால் டம்ளர் நிறையத் தருகிறார்கள்.

ஜூலை 17, புதன்

மொகரம் விடுமுறை, பல் டாக்டர் இல்லை. ஆடி ஒன்று. என் மனைவி அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை, பேசாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

ஜூலை 18, வியாழன்

இடுப்பு ஆபரேஷனுக்குக் குறித்த நாளில் பல் போனது. 800 ரூபாய். பிடுங்கின பல்லைக் காட்டினார், வேர் கறுத்து இருந்தது. ஐந்து நாளைக்கு மாத்திரை, பத்து நாள் கழித்துப் பார்க்கலாம் என்று அந்தப் பக்கத்திலும் இந்தப் பக்கத்திலும் பேசி 29ஆம் தேதி என்று புது நாள். ஊருக்குப் போய்விட்டு வரலாம், ஆனால் அந்த ராத்திரிப் பயணத்தை இன்னும் இரண்டு முறை என்னால் செய்ய முடியாது. லாட்ஜ் பையன் சேதி கேட்டுவிட்டு, தானாகவே நாளைக்கு 600 ஆக்கினான். லிப்டை மட்டும் சரிபண்ணவில்லை.

ஜூலை 19, வெள்ளி

வாய் ஒரு பக்கம் வீங்கி, இடுப்பு ஒரு பக்கம் வலித்து, கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. ரசம் சாதம், இட்லியை ரசத்தில் ஊறப்போட்டு, இளநீர், அவ்வளவுதான் சாப்பாடு. இந்த ஊரில் சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டியில் காளான் போடுகிறார்கள், பேர்தான் காளான், பாதிக்கு மேல் முட்டைக்கோஸ், மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி. லாட்ஜ் ஜன்னலுக்கு நேர் கீழே கடை. ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அந்த வாசனையை வைத்துக்கொண்டு நான் ரசம் சாதம் தின்கிறேன்.

ஆறுதல் தண்ணீர்தான். சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது ருசி என்று இங்கே ஆட்டோக்காரர் முதல் நர்ஸ் வரை சொல்கிறார்கள். முதல் ருசி எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தாமிரபரணி என்று நானே முடிவு செய்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 20, சனி

பிசியோதெரபி. ஆபரேஷனுக்கு அப்புறம்தானே என்று நினைத்தேன், முன்னாலேயே பழகிவிட வேண்டுமாம். வலி மயக்கத்தில் புதுசாக எதுவும் ஏறாது, இப்போதே உடம்புக்குத் தெரிந்திருந்தால் அப்போது தானாகச் செய்யும் என்றார். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, இது காலில் ரத்தம் உறையாமலிருக்க. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அதை அமுக்குவது. புட்டத்தை இறுக்கிப் பத்து எண்ணுவது. அப்புறம் வாக்கரோடு நடை.

படிக்கு ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். எனக்கு இது நிற்கவே இல்லை, ஒவ்வொரு படியிலும் நின்று யோசிக்கிறேன். அப்புறம் என் பாஷைக்கு மாற்றிக்கொண்டேன். ஏற்றம் ஒரு வாசல், இறக்கம் ஒரு வாசல், இடதுகால் ஏறுகிற பயணி, வலதுகால் இறங்குகிற பயணி. லாட்ஜின் பதினான்கு படி இதற்கு உதவியாகிவிட்டது. மூன்று தரம் ஏறி இறங்கினேன். மேனேஜர் பையன் கீழே நின்று 'போலாம்ங்க, போலாம்ங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நுரையீரலுக்கு ஒரு கருவி, மூன்று பந்து, ஒரு குழாய், 350 ரூபாய். நான் பலூன் மாதிரி ஊதினேன், ஒன்றும் அசையவில்லை. ஊதக் கூடாதாம், உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியதில் ஒரு பந்து ஏறி உடனே விழுந்தது. பன்னிரண்டு வருஷ வெள்ளை மாத்திரையை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 21 முதல் 24 வரை

சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் மழை, மூன்று நாள் காற்று. ஒரு ஆட்டோக்காரர் இரண்டு கிலோமீட்டருக்கு 180 கேட்டார், இறங்கும்போது என் நடையைப் பார்த்துவிட்டு 30 திருப்பித் தந்தார். முதலிலேயே பார்த்திருக்கலாம்.

ஜூலை 25, வியாழன்

இது என் மனைவியின் நாள். வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள், கைப்பையில் எப்போதும் இஞ்சி டேப் இருக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் முழங்கால் இடுப்பை விட உயரக் கூடாது, தாழ்ந்த இருக்கையில் உட்காரக் கூடாது, சம்மணம் கூடாது, குத்துக்கால் கூடாது, கால்மேல் கால் கூடாது, குனிந்து தரையில் எதையும் எடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்டுவிட்டு, என்னைச் சுவரோரம் நிற்கவைத்து முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்தாள். பதினேழரை அங்குலம். அப்படியானால் நாற்காலி பத்தொன்பது, இருபதாவது இருக்க வேண்டும். அன்றைக்குப் போன இடமெல்லாம் டேப்தான். மெஸ்ஸில் நாற்காலி பதினாறரை, வேண்டாம். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சு பதினெட்டு, பரவாயில்லை. லாட்ஜ் டாய்லெட் பதினைந்தே முக்கால், கூடவே கூடாது. மெஸ் நடத்துகிற அம்மா வேடிக்கை பார்த்துவிட்டு, 'என்ன அம்மணி, கடைய வெலைக்கு வாங்கப் போறீங்களா?' என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போட்டார். இருபது அங்குலம், அளந்துதான் உட்கார்ந்தேன். அரிசிம்பருப்பு சாதம், நெய், பக்கத்தில் அப்பளம், 70 ரூபாய். பல் போன பிறகு நான் மென்று சாப்பிட்ட முதல் சாப்பாடு இதுதான், அரிசியும் பருப்பும் பூண்டும் ஒன்றாக வெந்து, குழைந்தும் குழையாமலும். இரண்டாவது தரம் வாங்கினேன்.

வாக்கர் 1,100, டாய்லெட் மேல் வைக்கிற ரைசர் 1,600. ஊரில் என் தம்பிக்கு போன் போட்டு, கட்டிலுக்கு அடியில் மரக்கட்டை வைக்கச் சொல்லியிருக்கிறாள், பாத்ரூமில் கைப்பிடி, வாசல் நடையில் கிடக்கிற மிதியடியை எடுத்துவிட. தம்பி எத்தனை அங்குலம் என்று கேட்டானாம், இவளுக்கு ஏக சந்தோஷம்.

ஜூலை 26, வெள்ளி

டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். தேவையே இல்லை, ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். ஆனாலும் ஆசை. இங்கே தனியார் டவுன் பஸ் நிறைய, பாட்டு சத்தம் காதைக் கிழிக்கும். அவற்றை விட்டுவிட்டு அரசு பஸ்ஸுக்கு நின்றேன். படி என் முழங்காலுக்கு வந்தது. இவ்வளவு உயரம் என்று முப்பத்திரண்டு வருஷம் எனக்குத் தெரியாது. 'ஏறுங்க ஏறுங்க, உள்ள போங்க' என்று எத்தனை கிழவிகளை விரட்டியிருக்கிறேன். நல்ல கால் முதலில், கம்பியைப் பிடித்து ஏறுவதற்குள் பின்னால் இரண்டு பைக் ஹார்ன் அடித்தது. கண்டக்டர் சின்னப் பையன், விசிலை வாயில் வைத்தபடியே காத்திருந்தான், நான் உட்காரும் வரை ஊதவில்லை. சில்லறை சரியாக எடுத்துக் கொடுத்தேன். பணத்தை வாங்கும்போது விரலைப் பார்த்துவிட்டானோ என்னவோ, 'அண்ணா டிப்பார்ட்மெண்டுங்களா?' என்றான். நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

ஜூலை 27, சனி

பல் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மூக்கு டெஸ்ட், சிறுநீர் டெஸ்ட் இரண்டும் சுத்தம். ரத்தம் ஒரு யூனிட் கொடுக்க மருமகன் பட்டறையிலிருந்து இரண்டு பையன்களைக் கூட்டிவந்தான், ஒருவன் பீகார்க்காரன், தமிழ் எங்களைவிட நன்றாக 'ங்க' போட்டுப் பேசுகிறான். ஜூஸ் வாங்கித் தந்தால் வேண்டாம் என்று ஒரு டீயோடு போய்விட்டார்கள்.

மூன்று பந்தில் இரண்டு ஏறுகிறது. மூன்றாவது ஆடுகிறது.

ஜூலை 28, ஞாயிறு

சாயங்காலம் சேர்த்துக்கொண்டார்கள். பதினான்கு படியைக் கடைசியாக இறங்கினேன், வலதுகால் முதலில், யோசிக்காமலே. மேனேஜர் பையன் பையைத் தூக்கிக்கொண்டு வார்டு வரை வந்தான்.

நாளை ஆடிக் கிருத்திகை. இதைக் கண்டுபிடித்தது என் மனைவிதான், காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. ஆடியாவது ஒன்றாவது, முருகனுக்கு உகந்த நாள், பல்லு வலிச்சது நல்லதுக்குத்தான் என்று இப்போது பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கிருமி போக ஒரு சிவப்பு மருந்து கொடுத்துக் கழுத்திலிருந்து கால் வரை தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள், நாளைக் காலையிலும் ஒரு தரம். முதுகில்தான் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், விழித்திருந்தால் சுத்தியல் சத்தம் கேட்கும், பயப்படாதீங்க என்றார் அந்த மயக்க மருந்து டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி இன்னொரு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒன்பது மணிக்கு ஜூனியர் டாக்டர் ஒருவர் மார்க்கர் பேனாவோடு வந்தார். 'பேரு? வயசு? எந்தப் பக்கம் ஆபரேஷன்?' இது இன்று ஐந்தாவது முறை. அட்மிஷனில் ஒருமுறை, நர்ஸ் இரண்டுமுறை, மயக்க மருந்து டாக்டர் ஒருமுறை, எல்லோரும் கையில் தாளை வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். தாளில் இருந்தாலும் வாயால் கேட்டுத்தான் குறிக்க வேண்டுமாம்.

'ரைட்' என்றேன்.

'சத்தமா சொல்லுங்க.'

'ரைட்ட்ட்!' தொண்டை பழைய குரலுக்குப் போய்விட்டது. எதிர்க் கட்டிலில் இருந்தவர் திடுக்கிட்டு எழுந்தார், மருமகன் வராந்தாவில் சிரிக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் எதுவும் புரியாமல் தொடையில் அம்புக்குறி போட்டுவிட்டு, காயும் வரை தேய்க்காதீங்க என்றார்.

மணி 9.40. பத்துக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது. மருமகனைச் சிறுவாணி பிடித்துவர அனுப்பியிருக்கிறேன், போன் சார்ஜும் ஆறு சதவீதம்தான்.